பேக்கப் எடுக்க நாலு வரி ஸ்கிரிப்ட் போதும், ஆனால்...

"பேக்கப் எடுக்கிறீர்களா?" என்று யாரைக் கேட்டாலும் "எடுப்பேனே" என்றுதான் பதில் வரும். "கடைசியாக எப்போது எடுத்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். நானும் ரொம்ப நாள் அந்தக் கட்சிதான். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று மேசை இழுப்பறையில் கிடக்கும், ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிடலாம் என்று நினைப்பேன், ஞாயிறு வரும், போகும். ஒருநாள் மடிக்கணினி ஆன் ஆகவில்லை. சரி, நகல்தான் இருக்கிறதே என்று இழுப்பறை டிஸ்க்கைத் திறந்தால், அதில் இருந்தது ஏழு மாதத்துக்கு முந்தைய நகல். அதற்கப்புறம்தான் இந்த வேலையை என் ஞாபகத்தை நம்பி விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

ஸ்கிரிப்ட் என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். இந்த ஃபோல்டரைத் திற, எல்லாவற்றையும் தேர்ந்தெடு, காப்பி செய், அந்த டிஸ்க்கில் கொண்டுபோய்ப் போடு என்று மவுஸைப் பிடித்து நாம் செய்வதையே ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் வரிவரியாக எழுதி வைத்தால் அதுதான் ஸ்கிரிப்ட். நோட்பேடே போதும். விண்டோஸில் பேட்ச் கோப்பு என்பார்கள், லினக்ஸிலும் மேக்கிலும் ஷெல் ஸ்கிரிப்ட். எழுதி வைத்தால் மட்டும் ஆகாது, குறித்த நேரத்தில் அதை யாராவது ஓட்டவும் வேண்டும். அந்த யாராவது நாமாகவே இருந்தால் கதை மறுபடி ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் போகும். அதனால் அந்த வேலையை விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலரிடமும், லினக்ஸில் கிரானிடமும், மேக்கில் லாஞ்ச்டியிடமும் கொடுத்துவிடுகிறோம். மூன்றுமே கணினிக்குள் ஏற்கெனவே இருக்கும் அலாரங்கள். ஆக, காப்பி செய்ய ஒரு கட்டளை, எழுப்பிவிட ஒரு அலாரம், அவ்வளவுதான் விஷயம்.

(கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் எழுதுகிறேன். நீங்கள் டைப் செய்யும்போது எல்லாமே ஆங்கில எழுத்தில்தான்.)

சரி, காப்பி செய்ய எந்தக் கட்டளை? விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் சாதாரண காப்பி கட்டளைகள் உண்டு. ஆனால் அவற்றுக்கு விவரம் போதாது. 50 ஜிபி படங்கள் இருந்து, இன்றைக்குப் புதிதாகச் சேர்ந்தது மூன்றே படம் என்றாலும், மறுபடி 50 ஜிபியையும் முதலிலிருந்து தூக்கிக்கொண்டு போகும். நமக்கு வேண்டியது இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு, மாறியதை மட்டும் எடுத்துச் செல்லும் கருவி. லினக்ஸ், மேக் பக்கம் அது ஆர்சிங்க். ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மேக்கரஸ் இருவரும் 1996இல் வெளியிட்டது, இன்னும் அசையாமல் நிற்கிறது. கோப்பின் அளவும் கடைசியாக மாற்றிய நேரமும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் அதைத் தொடாமல் தாண்டிப் போய்விடும். அதனால்தான் முதல் நாள் மணிக்கணக்கில் ஓடுவது, இரண்டாம் நாள் ஒரு நிமிடத்தில் முடிகிறது. விண்டோஸில் இதே வேலைக்கு ரோபோகாப்பி. விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது, தனியாக எதையும் இறக்க வேண்டியதில்லை.

ஆர்சிங்க் கட்டளையின் எலும்புக்கூடு இதுதான்:

ஆர்சிங்க் -ஏ "வேலைகள்/" "வெளிடிஸ்க்/வேலைகள்/"

கட்டளையின் பெயர், ஒரு விருப்பம், எங்கிருந்து, எங்கே. அந்த -ஏ என்பது, உள்ளே இருக்கும் ஃபோல்டர்களையும் சேர்த்துக்கொள், தேதி, அனுமதிகள் எதையும் மாற்றாமல் அப்படியே கொண்டுபோ என்று சொல்வது. மேற்கோள் குறி எதற்கு என்றால், ஃபோல்டர் பெயரில் ஒரு இடைவெளி இருந்துவிட்டால் கணினி அதை இரண்டு பெயராகப் படித்துவிடும். மூலத்தின், அதாவது "எங்கிருந்து" என்ற பெயரின், கடைசியில் இருக்கும் சாய்கோட்டைக் கவனியுங்கள். அது இருந்தால் "ஃபோல்டருக்குள் இருப்பவற்றை எடு" என்று அர்த்தம், இல்லாவிட்டால் "ஃபோல்டரையே எடு". அதை விட்டுவிட்டால் வேலைகள் ஃபோல்டருக்குள் இன்னொரு வேலைகள் ஃபோல்டர் முளைத்திருக்கும். ஆர்சிங்க் பழகுகிற எல்லோரும் ஒரு தடவையாவது இதில் வழுக்கியிருப்பார்கள்.

அடுத்து அலாரம். கிரானில் நேரத்தை ஐந்து இடங்களில் சொல்ல வேண்டும்: நிமிடம், மணி, மாதத்தின் தேதி, மாதம், கிழமை. தினமும் இரவு 9 மணிக்கு என்றால்:

0 21 * * *

நட்சத்திரம் இருந்தால் "எதுவானாலும் சரி" என்று பொருள். முதல் இடத்தில் 0 போடாமல் அங்கேயும் நட்சத்திரம் போட்டுவிட்டால், 9 மணியிலிருந்து 9:59 வரை நிமிடத்துக்கு ஒரு தடவை, மொத்தம் 60 தடவை உங்கள் பேக்கப் ஓடும். விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் இந்தத் தலைவலி இல்லை, எல்லாம் ஜன்னலில் டிக் அடிப்பதுதான். ஆனால் அந்த டிக்குகளிலேயே ஒரு வில்லங்கம் உண்டு, பிறகு வருகிறேன்.

இவ்வளவு செய்தால் தானியங்கி பேக்கப் தயார். பல பேர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். இந்த எலும்புக்கூடு நாள்பட எப்படியெல்லாம் சத்தமில்லாமல் காலை வாரும் என்பதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் கண்ணாடி நகல் என்ற சமாச்சாரம். மூலத்தில் அழித்த கோப்பு நகலில் மட்டும் குப்பை மாதிரி ஏன் கிடக்க வேண்டும் என்று தோன்றும். அதற்கு ஆர்சிங்கில் டெலீட் விருப்பமும், ரோபோகாப்பியில் /மிர் விருப்பமும் இருக்கின்றன. போட்டால் இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றாக இருக்கும். ஆனால் கண்ணாடி உங்கள் தப்பையும் அப்படியே காட்டும். முக்கியமான கோப்பை இன்று மதியம் தெரியாமல் அழித்துவிட்டீர்கள், கவனிக்கவில்லை. இரவு 9 மணிக்கு ஸ்கிரிப்ட் கடமை தவறாமல் ஓடி, நகலிலும் அதை அழித்துவிடும். அழிப்பது மட்டுமா, ஒரு கோப்பைத் திறந்து உள்ளே இருந்ததையெல்லாம் கெடுத்து சேமித்துவிட்டாலும் இதே கதைதான். கிளவுடில் ஒத்திசைவு செய்யும் சேவைகளை பேக்கப் என்று நினைத்திருப்பவர்களும் இதை ஒரு நிமிடம் யோசிக்கலாம்: மறுசுழற்சித் தொட்டியும் பழைய பதிப்புகளும் அங்கே கொஞ்ச நாளைக்கு இருக்கும், அந்த நாள் தாண்டினால் போனது போனதுதான்.

அதனால் தேதி போட்டுத் தனித்தனி நகலாக வைப்பது நல்லது. 2025-03-09 என்பது போல ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயர் வையுங்கள், அப்போதுதான் பெயர்வரிசையும் தேதிவரிசையும் ஒன்றாக இருக்கும். நாளை முதலில் எழுதினால் ஜனவரி 1, பிப்ரவரி 1, மார்ச் 1 எல்லாம் ஒரு கும்பலாக நிற்கும். சரி, 50 ஜிபியை 30 நாளுக்கு வைத்தால் 1500 ஜிபி ஆகாதா? ஆகும், முட்டாள்தனமாகக் காப்பி செய்தால். ஆர்சிங்கில் லிங்க்-டெஸ்ட் என்று ஒரு விருப்பம் இருக்கிறது. நேற்றைய நகல் எங்கே இருக்கிறது என்று அதனிடம் காட்டிவிட்டால், மாறாத கோப்புகளைத் திரும்ப எழுதாமல், டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் அதே கோப்புக்கு இன்னொரு பெயரை மட்டும் வைத்துவிட்டுப் போகும். இதை ஹார்ட் லிங்க் என்பார்கள். ஒரே ஆளுக்கு வீட்டில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் இருப்பதில்லையா, அது மாதிரி. பெயர் இரண்டு, ஆள் ஒன்று. ஒரு பெயரை அடித்துவிட்டாலும் இன்னொரு பெயரில் ஆள் பத்திரமாக இருப்பார். ஆகவே 30 நாள் நகலும் ஒவ்வொன்றும் முழுசாகத் தெரியும், இடமோ 50 ஜிபியும் தினசரி மாற்றங்களும் மட்டும்தான் எடுக்கும். இதில் கவனிக்க இரண்டு: நகலுக்குள்ளேயே கோப்பைத் திறந்து திருத்தாதீர்கள், ஆள் ஒன்றுதான் என்பதால் எல்லா நாளிலும் மாறிவிடும்; வெளியே காப்பி செய்து திருத்துங்கள். அப்புறம், வெளி டிஸ்க் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் ஹார்ட் லிங்க் வேலை செய்யாது. பென்டிரைவ்களில் இருக்கும் ஃபேட்32இல் அதுவும் கிடையாது, 4 ஜிபிக்கு மேல் உள்ள ஒற்றைக் கோப்பும் ஏறாது.

பழைய நகல்களைக் கழிப்பது எப்படி? "30 நாளுக்கு மேற்பட்டதை அழி" என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். ஏதோ காரணத்தால் பேக்கப் ஒரு மாதமாக ஓடவில்லை, ஆனால் அழிக்கும் வரி மட்டும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது என்று வையுங்கள், முப்பத்தோராம் நாள் ஒரு நகலும் மிஞ்சாது. "கடைசி 30 நகலை வைத்துக்கொள், மற்றதைக் கழி" என்று எண்ணிக்கையில் சொன்னால் இந்த ஆபத்து இல்லை. அழிக்கும் கட்டளையை எழுதிய முதல் சில நாள், அழிக்காமல் பட்டியலை மட்டும் திரையில் காட்டச் சொல்லி ஓட்டிப் பாருங்கள். ஆர்சிங்கில் -என், ரோபோகாப்பியில் /எல் போட்டாலும் இதே ஒத்திகைதான்: என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லும், செய்யாது.

அடுத்தது என் சொந்த அனுபவம். லினக்ஸில் வெளி டிஸ்க்கைச் செருகினால் அது ஒரு ஃபோல்டராகத் தெரியும், அந்த ஃபோல்டருக்குத்தான் காப்பி செய்வோம். டிஸ்க்கைச் செருகாவிட்டாலும், கையால் அமைத்து வைத்திருந்தால், அந்த ஃபோல்டர் மட்டும் காலியாக அங்கேயே நிற்கும். ஆர்சிங்குக்கு வித்தியாசம் தெரியாது. நான் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியூர் போய்விட்டேன், ஸ்கிரிப்ட் இரவானால் எழுந்து அந்தக் காலி ஃபோல்டருக்குள், அதாவது கணினியின் சொந்த டிஸ்க்குக்குள்ளேயே, மொத்தத்தையும் இன்னொரு தடவை எழுதிவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் டிஸ்க் நிறைந்து கணினி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. நடந்ததைக் குறித்து வைக்கும் லாக் கோப்பில் பிழை ஒன்றும் இல்லை, எல்லாம் வெற்றி என்றே இருந்தது! இதற்கு மருந்து சின்னது. வெளி டிஸ்க்கில் "இதுதான்அது" என்று ஏதோ ஒரு பெயரில் காலிக் கோப்பு ஒன்றை உருவாக்கி வையுங்கள். ஸ்கிரிப்ட் முதல் வேலையாக அந்தக் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கட்டும், இல்லையென்றால் அங்கேயே நிற்கட்டும். மூல ஃபோல்டரிலும் இதே போல ஒன்று வைப்பது இன்னும் நல்லது, ஏனென்றால் மூலம் எதனாலோ காலியாகத் தெரிகிற அன்றைக்கு டெலீட் விருப்பத்தோடு ஓடினால் நகல் மொத்தமும் துடைக்கப்பட்டுவிடும்.

இப்போது எலும்புக்கூட்டுக்குக் கொஞ்சம் சதை வைத்தால் ஸ்கிரிப்ட் இப்படி வருகிறது, தமிழில் எழுதினால்:

1. அடையாளக் கோப்பு இரண்டு பக்கமும் இருக்கிறதா பார், இல்லையென்றால் நில்.
2. இன்றைய தேதியில் ஃபோல்டர் உண்டாக்கி, நேற்றையதைக் காட்டி, ஆர்சிங்கை ஓட்டு.
3. அது பிழையில்லாமல் முடிந்தால் மட்டும், இன்றைய தேதியை "கடைசிவெற்றி" கோப்பில் எழுது.
4. அதுவும் முடிந்தால் மட்டும், 30க்கு மேல் இருக்கும் பழைய நகல்களைக் கழி.

"முடிந்தால் மட்டும்" என்பதை ஷெல்லில் இரண்டு கட்டளைக்கு நடுவே && என்று போட்டுச் சொல்லலாம். முன்னது தோற்றால் பின்னது ஓடாது.

அந்த மூன்றாவது வரியைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமாக நினைக்கிறேன். தோற்றால் எனக்குச் சொல் என்று ஸ்கிரிப்டிடம் சொல்வது சுலபம், ஆனால் ஸ்கிரிப்ட் ஓடவே இல்லையென்றால் யார் சொல்வது? 2017 ஜனவரி 31ஆம் தேதி, நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை அவர்களே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். ராத்திரி நேரம், ஒரு பொறியாளர் துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் தரவுத்தள ஃபோல்டரை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். பரவாயில்லை, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், ஐந்து வழிகளில் ஒன்றுகூட நம்பும்படி இல்லை. தினசரி நகல் எடுக்கும் கருவிக்கும் தரவுத்தளத்துக்கும் பதிப்பு ஒத்துப்போகாததால் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. பிழைச் செய்தி மின்னஞ்சலில் போகும்படிதான் வைத்திருந்தார்கள், அந்த மின்னஞ்சல்களை எதிர்முனை ஏற்காமல் தள்ளிவிட்டது. ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் வேறு எதற்கோ கையால் எடுத்து வைத்த நகல் இருந்ததால் பிழைத்தார்கள். அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்.

ஆகவே தோல்வியைச் சொல்லச் சொல்வதோடு விடாமல், வெற்றி வராததையும் கவனிக்க ஆள் போடுங்கள். கணினியைத் திறக்கும்போதெல்லாம் ஓடும்படி இரண்டாவதாக ஒரு குட்டி ஸ்கிரிப்ட்: "கடைசிவெற்றி" கோப்பில் இருக்கும் தேதி மூன்று நாளுக்கு மேல் பழசா? பழசு என்றால் திரை நடுவில் ஒரு பெட்டி காட்டு. அவ்வளவுதான். பேக்கப் ஸ்கிரிப்ட் செத்தாலும், டிஸ்க் இல்லாவிட்டாலும், அலாரம் அடிக்காவிட்டாலும், காரணம் எதுவானாலும் மூன்று நாளில் உங்கள் மூக்குக்கு முன்னால் வந்து நிற்கும்.

விண்டோஸ்காரர்களுக்குச் சொல்வதாகச் சொன்ன வில்லங்கங்கள். ரோபோகாப்பி ஒரு கோப்பைக் காப்பி செய்ய முடியாவிட்டால் திரும்பத் திரும்ப முயலும். எத்தனை தடவை? நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் 10 லட்சம் தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவே 30 வினாடி காத்திருந்து. கணக்குப் போட்டால் ஒரே ஒரு பூட்டிய கோப்புக்காக 347 நாள் வாசலில் நிற்கும். /ஆர்:2 /டபிள்யூ:5 என்று போட்டுவிடுங்கள், இரண்டு தடவை, ஐந்து வினாடி. இன்னொன்று, பெரும்பாலான நிரல்கள் நல்லபடியாக முடிந்தால் 0 என்று சொல்லும். ரோபோகாப்பியில் 0 என்றால் காப்பி செய்ய ஒன்றும் இல்லை, 1 என்றால் கோப்புகள் நன்றாகக் காப்பி ஆயின, 8 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் தோல்வி. இது தெரியாமல் ஷெட்யூலரில் 1ஐப் பார்த்துவிட்டு நல்லா ஓடுகிற ஸ்கிரிப்டை நோண்டிக் கெடுத்தவர்கள் உண்டு. && என்பது 0 வந்தால்தான் வெற்றி என்று எடுத்துக்கொள்ளும், அதனால் அந்தத் தந்திரம் இங்கே எடுபடாது, எண் 8க்குக் குறைவா என்று தனியாகப் பார்க்க வேண்டும். ஷெட்யூலரில் மின்சாரத்தில் இணைந்திருந்தால் மட்டும் ஓட்டு என்ற டிக் தானாகவே போடப்பட்டிருக்கும். மடிக்கணினியை பேட்டரியில் வைத்து வேலை செய்பவருக்கு பேக்கப் நடக்கவே நடக்காது. அதை எடுத்துவிட்டு, நேரம் தவறினால் முடிந்த சீக்கிரம் ஓட்டு என்ற டிக்கைப் போடுங்கள். கிரானுக்கும் இந்தக் குறை உண்டு, 9 மணிக்குக் கணினி அணைந்திருந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், விட்டதைப் பிடிக்க அனாகிரான் வேண்டும்.

தமிழில் கோப்புப் பெயர் வைக்கிறவர்கள் (நான் வைப்பேன்) இதைக் கேளுங்கள். விண்டோஸ் பேட்ச் கோப்பில் தமிழ் ஃபோல்டர் பெயரை எழுதினால் பல சமயம் "அப்படி ஒரு இடமே இல்லை" என்று சாதிக்கும். பேட்ச் கோப்பை யுடிஎஃப்-8 (தமிழும் அடங்கும் எழுத்துக் குறியீட்டு முறை) ஆகச் சேமித்து, அந்த முறையிலேயே படி என்று விண்டோஸுக்குச் சொல்லும் சிஎச்சிபி 65001 என்ற வரியை மேலே போட்டால் சரியாகும். பழைய மேக் டிஸ்க்குகளில் இன்னொரு வேடிக்கை, "கொ" என்ற எழுத்தின் ஒற்றைத் துணைக்குறியை அது கொம்பு தனி, கால் தனி என்று உடைத்துச் சேமிக்கும். கண்ணுக்கு ஒரே பெயர், கணினிக்கு இரண்டு வேறு பெயர். மேக்கிலிருந்து லினக்ஸுக்கு நகல் எடுக்கும்போது ஒரே கோப்பு திரும்பத் திரும்பப் போகிறதே என்று தலையைச் சொறிந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். ஆர்சிங்கின் ஐகான்வ் விருப்பம் இதற்குத்தான்.

நகல் எத்தனை, எங்கே என்ற கேள்விக்கு 3-2-1 என்ற பழைய கணக்கே போதும்: மொத்தம் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில். எப்போதும் செருகியே கிடக்கும் டிஸ்க்கை மட்டும் நம்ப வேண்டாம். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். நான் இரண்டு டிஸ்க்கை மாற்றி மாற்றிச் செருகுகிறேன், அதில் கொஞ்சம் கைவேலை இருக்கத்தான் செய்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளக் கோப்பை நேரடியாகக் காப்பி செய்தால் பாதி எழுதிய நிலையில் மாட்டும், தரவு முழுவதையும் ஒரு தனிக் கோப்பாக எழுதித் தரும் டம்ப் கருவியால் எடுத்து அந்தக் கோப்பை பேக்கப் செய்யுங்கள். கடவுச்சொல்லை ஸ்கிரிப்டுக்குள் எழுதாதீர்கள்.

கடைசியாக, மீட்டுப் பார்ப்பது. மாதம் ஒரு தடவை ஏதோ ஒரு நகலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு கோப்பை எடுத்து, வேறு இடத்தில் போட்டு, திறந்து பாருங்கள். பெயர் இருப்பதைப் பார்த்துவிட்டு மூடாதீர்கள், திறந்து உள்ளே பாருங்கள். வருடத்துக்கு ஒரு தடவை, முடிந்தால் இன்னொரு கணினியில் அந்த டிஸ்க்கைச் செருகிப் பாருங்கள். டிஸ்க்கைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தால், அந்தக் கடவுச்சொல் எங்கே எழுதியிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரியவரும். எனக்கு அது செத்துப்போன கணினிக்குள்தான் இருந்திருக்கும், ஒத்திகையில் கண்டுபிடித்ததால் பிழைத்தேன். அப்படியே அந்த ஸ்கிரிப்ட் கோப்பு பேக்கப் ஆகும் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.